பெரியவரின் பங்கு

விடிந்து கொஞ்ச நேரம்தான். சுண்டிக்குளம் களப்பில் பூநாரைகள் கண்ணுக்கெட்டும் தூரம்வரை நிற்கின்றன. ஒன்று தலையைத் தூக்கினால் பக்கத்தில் நிற்பதும் தூக்குகிறது. வரிசை முழுக்க அப்படியே இளஞ்சிவப்பாய் நிமிர்கிறது. நான் வள்ளத்தில் வாயைப் பிளந்தபடி இருக்கிறேன். கோல் ஊன்றி அதைத் தள்ளிக்கொண்டுவந்த மீன்பிடிக்காரர், பறியிலிருந்து ஒரு திரளி மீனை எடுத்துத் தண்ணீரில் எறிகிறார்.

"ஏன் அண்ணை, நல்ல மீனெல்லோ?"

"அது பெரியவரின்ரை பங்கு, தங்கச்சி."

பெரியவர் என்றால் முதலை. தண்ணீரில் இருக்கும்போது இங்கே யாரும் அதன் பேரைச் சொல்வதில்லை. முதுகில் புல் முளைத்த கிழட்டு முதலை ஒன்று இந்தப் பறவைகளுக்குக் காவல் இருக்கிறதாம். பங்கு கொடுத்தால் ஆட்களைத் தொடாதாம்.

மீன் தாழுமுன்னரே ஒரு கூழைக்கடா பாய்ந்துவந்து, பை போன்ற அலகால் அள்ளி விழுங்கிவிடுகிறது. என்ன அழகான களவு!

"அண்ணை, அதைக் கூழைக்கடா திண்டிட்டுதே!"

"ஓம், ஒவ்வொரு நாளும் உவர்தான் தின்னுறவர். ஆர் திண்டாலும் குடுத்தது குடுத்ததுதான்."

சொல்லி வாய் மூடவில்லை, வள்ளம் சேற்றில் தட்டி நின்றுவிடுகிறது. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறார்.

"நீங்களும் இறங்கித் தள்ளுங்கோ. பயப்பிடாதேங்கோ, குடுத்தாச்செல்லோ."

முழங்காலளவு தண்ணீர்தான், ஆனால் தேத்தண்ணி நிறத்தில் கலங்கி, அடி தெரியவில்லை. கூழைக்கடா வயிறு நிறைந்து, நிம்மதியாக மிதக்கிறது.

மத்தியானச் சோற்றுக்கென்று கட்டிவந்த மீன்பொரியலை எடுத்து, என் கைக்கு முடிந்த தூரத்துக்கு வீசிவிட்டு இறங்குகிறேன்.