ஆம்புலன்ஸுக்கு மீட்டர் உண்டா?

நூத்தியெட்டுக்கு போன் போட்டால், ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே ஒரு போலீஸ் ஜீப்பும் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

சிரிக்காதீர்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. டிகிரி இருக்கிறது. இன்கம்டாக்ஸ் கட்டுகிறேன். பேப்பரில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். ஆனாலும் நம்பினேன். ஜீப்பில் வருகிறவர்கள் முதலில் வீட்டுக்காரனை, அதாவது என்னை, ஏற்றிக்கொள்வார்கள். நோயாளியைப் பற்றி அப்புறம் யோசிப்பார்கள். ஆம்புலன்ஸுக்குள் டாக்ஸி மாதிரி ஒரு மீட்டர் ஓடும். ஆக்சிஜன் வைத்தால் தனி சார்ஜ். சைரன் போட்டால் அதற்கும் தனி...

இதையெல்லாம் யார் சொன்னது என்கிறீர்களா? யாரும் சொல்லவில்லை. பேக்கரியில் டீ குடிக்கும்போது பக்கத்து டேபிள் பேச்சு காதில் விழுமே, அந்த மாதிரி விழுந்த துண்டுகளை வைத்து என் மூளை தானாகவே ஒரு சட்டப் புத்தகம் எழுதி வைத்திருக்கிறது. அவசரத்துக்கு அதைத்தான் புரட்டுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் புரட்ட வேண்டி வந்தது.

போத்தனூரில் எங்கள் வீடு. கீழே நானும் என் மனைவி சுமதியும். மாடியில் அவள் தம்பி செந்தில். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பம்ப்செட் மோட்டார்களைத் தூக்கித் தூக்கி முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. ஒரு வருஷமாக வலி மாத்திரை. வலியில் தூக்கம் வரவில்லை என்று அதற்கொரு மாத்திரை. அவன் சம்சாரம் பவானியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால், டிபன் எங்கள் வீட்டிலிருந்து மேலே போகும்.

சுமதி இட்லித் தட்டோடு படியேறினாள். கொஞ்ச நேரத்தில் தட்டு விழுகிற சத்தம்.

"ஏனுங்க! மேல வாங்க! சீக்கிரம் வாங்க!"

பல்லியாக இருக்கும் என்று நினைத்து, பேப்பரை மடித்துக்கொண்டு நிதானமாகத்தான் போனேன். பல்லி இல்லை.

செந்தில் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். ஒரு குறட்டை வரும். அப்புறம் ஒன்றுமே வராது. நாம் பயந்து குனிந்து பார்க்கும்போது இன்னொரு குறட்டை. உதடு நீலம் பாரித்திருந்தது. சுமதி கன்னத்தில் தட்டுகிறாள், "தம்பி, தம்பி, கண்ணு" என்று உலுக்குகிறாள்... அசையவில்லை. பக்கத்தில் காலி மாத்திரை அட்டைகள்.

அந்த நேரத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? போனை எடுப்பான். நான் என்ன செய்தேன்?

அட்டைகளை எடுத்தேன். கீழே ஓடினேன். சமையலறையில் அரிசி டிரம்மைத் திறந்து, அடிவரை போகிற அளவுக்குக் கையை விட்டுப் புதைத்தேன். தடயம்! போலீஸ் வந்தால் கண்ணில் படக்கூடாதல்லவா?

அப்புறம் லுங்கியை அவிழ்த்துவிட்டு பேண்ட் போட்டேன். இஸ்திரி போட்ட புதுச் சட்டையும். ஸ்டேஷனில் லுங்கியோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி என் படம் பேப்பரில் வந்தால் வாசகர்களாகிய நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

மறுபடி மேலே போனபோது சுமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேண்ட் போட்டுட்டு எங்க கெளம்பறீங்க? கல்யாணத்துக்கா?"

"அம்மணி, கொஞ்சம் பொறு. நூத்தியெட்டுன்னா போலீசு, கேசுன்னு இழுத்துருவாங்க. ஒரு வாடகைக் காரு சொன்னோம்னா..."

"எந்தம்பி மூச்சு உட மாட்டேங்கறான். நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

அந்தக் குரலை இருபத்தைந்து வருஷத்தில் நான் கேட்டதில்லை. போன் செய்தேன்.

"வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா?"

"சார், என்ன எமர்ஜென்சி?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. ஞாயித்துக்கெழம அதுவுமா உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு பார்த்தேன்..."

எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் ஃபயர் சர்வீஸுக்கு போன் செய்து, "நேரமிருந்தா இந்தப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்போம். பட்டென்று விஷயத்தைச் சொன்னால் மரியாதைக் குறைவு! சுமதியும் இதே ஊர்தான். ஆனால் அன்றைக்கு அவளிடம் மரியாதை மிச்சமில்லை. போனைப் பிடுங்கினாள்.

"என் தம்பிக்கு மூச்சு விட்டு விட்டு வருதுங்க. எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கறான். போத்தனூருங்க..." என்று ஆரம்பித்து, தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். மறுமுனையில் சொன்னபடி அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்துவிட்டது. ஒரே வண்டி. பின்னால் ஜீப் வருகிறதா என்று நான் தெருமுனை வரை எட்டிப் பார்த்தேன்.

இறங்கியவர் ஒரு டெக்னீஷியன் பெண். பையைத் தூக்கிக்கொண்டு, படியேறியபடியே கேட்டார்.

"என்னாச்சுங்க சார்? ஏதாவது மருந்து, மாத்திரை எடுத்தாருங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. சுகர் கம்மியாயிருக்குமுங்க. நேத்து சாப்பாடு வேற சேரலீங்க..."

பொய். சுத்தமான, தண்ணீர் கலக்காத பொய். அதுவும் மூச்சு நின்று நின்று வருகிற ஒருவனைப் பற்றி! மேலே போய்ச் சேர்ந்ததும் சுமதி அதை உடைத்தாள்.

"மாத்திரைங்க! முதுகுவலி மாத்திரைய அளவில்லாம தின்னுபோட்டானுங்க. அட்டைகூட இங்கதான் கெடந்துச்சு... ஏனுங்க, அட்டை எங்க?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

டெக்னீஷியன் பெண் செந்திலுக்கு ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டியபடியே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "எந்த மாத்திரைன்னு தெரிஞ்சாத்தான் ஆஸ்பத்திரில உடனே மருந்து கொடுக்க முடியும். சீக்கிரமுங்க சார்."

ஓடினேன். புதுச் சட்டையோடு டிரம்முக்குள் தோள்பட்டை வரை கையை விட்டேன். புதைப்பது சுலபம், தோண்டும்போதுதான் தெரிகிறது ஒரு மூட்டை பொன்னி அரிசி எவ்வளவு ஆழமென்று. விரலில் பட்டது நழுவியது. நழுவியதைத் தேடினால் அரிசி. கடைசியில் டிரம்மையே தரையில் கவிழ்த்தேன். சமையலறை பூராவும் அரிசி. அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது செந்திலை ஸ்ட்ரெச்சரில் இறக்கியிருந்தார்கள்.

அந்தப் பெண் அட்டையை வாங்கிப் பார்த்தார். இரண்டு அரிசி உதிர்ந்தது.

"இதென்னங்க சார்?"

"எங்க ஊட்டுல மாத்திரைய இப்படித்தாங்க வெப்போம்."

அவர் அட்டையோடு வண்டியில் ஏறினார். கதவைச் சாத்தினார்.

சுமதி தம்பியோடு பின்னால். நான் டிரைவர் பக்கத்தில். பீரோவிலிருந்து அள்ளி வந்த பணம் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டு நின்றது. டேஷ்போர்டில் மீட்டரைத் தேடினேன். காணோம். அப்படியானால் மனசிலேயே கணக்குப் போடுகிற ஆளோ?

"ஏனுங்க, பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவுங்க ஆகும்?"

"ஆகாதுங்க."

"பின்னாடி ஆக்சிஜன் வேற ஓடுதுங்களே..."

"அதுக்கும் இல்லீங்க. இது கவர்மெண்டு வண்டி சார்."

"டீசலுக்காவது வெச்சுக்குங்க."

"சார், மொதல்ல அந்தப் பணத்த உள்ள வைங்க. யாராச்சும் பார்த்தா என் வேலை போயிரும்." அதற்கு மேல் நான் பேசக்கூடாது என்றோ என்னவோ, சைரனைப் போட்டார்.

தனியார் ஆம்புலன்ஸ் என்றால் காசு உண்டு, ஏறும்போதே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நூத்தியெட்டுக்குக் கிடையாது. ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கும் தெரிந்த விஷயம்தான்! பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் முதல் ஆளாக வெளியே ஓடிவிடுகிறது. பேக்கரி டேபிள் மட்டும் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் அட்டையை வாங்கி ஒரு தடவைதான் பார்த்தார். உடனே ஊசி. நாங்கள் ஸ்கிரீனுக்கு வெளியே நின்றோம். உள்ளே மெஷின் சத்தம் மட்டும். சுமதி ஸ்கிரீன் இடுக்கில் எட்டி எட்டிப் பார்த்தாள். 

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். செந்தில் கண்ணைத் திறந்திருந்தான். மூச்சு, சீராக, இடைவெளி இல்லாமல் வந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "மச்சான்... எதுக்குப் பேண்ட் போட்டிருக்கீங்க?" என்றான்.

சுமதி என் சட்டைக் கையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். புதுச் சட்டை. துடைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்... என்று ஆரம்பித்த டாக்டர், அந்த வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். அதை நான் அன்றிலிருந்து தினமும் முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லுங்கி மாற்றிய நேரம், அரிசிக்குள் தேடிய நேரம், 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்ட நேரம்.

சாயங்காலம் வந்தது போலீஸ்! ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட்டில் இருக்கிற பெண் ஹெட் கான்ஸ்டபிள். கையில் லத்தி இல்லை, விலங்கு இல்லை. ஒரு பேடும் பேனாவும். நான் எழுந்து நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க மேடம். நான் அப்ப ஊர்லயே இல்லீங்க."

"இவருதாங்க ஆம்புலன்ஸ்ல முன்னாடி உக்காந்து வந்தாரு" என்றாள் சுமதி. கட்டிய மனைவி!

"நீங்க உக்காருங்க சார். உங்களை இன்னும் ஒண்ணுமே கேக்கலியே" என்றார் ஹெட் கான்ஸ்டபிள். "விஷம், ஆக்சிடெண்ட், இந்த மாதிரி மாத்திரை... எது வந்தாலும் ஆஸ்பத்திரில எங்களுக்குச் சொல்லிருவாங்க. நாங்க வந்து விசாரிச்சு எழுதிக்கணும்."

செந்தில் பக்கம் திரும்பினார். பெயர் கேட்டார், வயசு கேட்டார். பிறகு, அதே குரலில்:

"வேணும்னே போட்டீங்களா?"

நான் சுமதியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். காலையிலிருந்து எங்கள் இரண்டு பேர் தொண்டையிலும் சிக்கிக்கொண்டிருந்த கேள்வி. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்காமலிருந்த கேள்வி.

"இல்லீங்க மேடம்" என்றான் செந்தில். "சாகோணும்னெல்லாம் இல்லீங்க. வலி. ரெண்டு போட்டும் கேக்கல, இன்னும் ரெண்டு போட்டேன். தூக்க மாத்திரையும் போட்டேன். அப்புறம் எத்தன போட்டேன்னு தெரியலீங்க." என் பக்கம் பார்க்காமல் தொடர்ந்தான். "கொஞ்ச நாளாவே அப்படித்தாங்க. டாக்டர் சொன்னது பத்தாம, வேற வேற கடைல வாங்கிப் போட்டுட்டிருந்தேன். போடலீன்னா கை நடுங்குது."

"ஏண்டா கண்ணு, கீழதான இருக்கறோம்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?" சுமதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மச்சான் கிண்டல் பண்ணுவாருக்கா."

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊரெல்லாம் சிரிக்க வைக்கிறேன் என்று ஒரு வருஷமாக அவன் முதுகை வைத்து நான் அடித்த ஜோக் எத்தனை! மோட்டார் டாக்டருக்கே பேரிங் போச்சு என்று போன தீபாவளிக்குக்கூட... விடுங்கள். அன்றைக்கு என் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹெட் கான்ஸ்டபிள் எழுதி முடித்து, கையெழுத்து வாங்கினார். "கடைல வாங்குனதையும் டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிருங்க" என்று கிளம்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. வராண்டாவில் ஓடிப்போய் வழிமறித்தேன்.

"மேடம், கேஸுங்க?"

"என்ன கேஸு?"

"அதானுங்க... எங்க மேல."

"சார், அந்த வார்டுல எனக்கு ரெண்டு ஆக்சிடெண்ட் காத்துட்டிருக்கு. வழி விடறீங்களா?"

விட்டேன்.

இதை எதற்கு இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்? இந்தப் பத்தி வருகிற பேப்பரில் பஜ்ஜி மடிப்பவர்களாவது படிப்பார்கள் என்றுதான். நம் வீடுகளில் வெளியே சொல்லக்கூடாத ஒன்று நடந்துவிட்டால், முதலில் ஜன்னலைச் சாத்துகிறோம். அப்புறம்தான் நாடி பார்க்கிறோம். டாக்டர் கேட்டால் ஃபுட் பாய்சன் என்கிறோம். போலீஸுக்குப் பயந்து, பக்கத்து வீட்டுக்குப் பயந்து, இல்லாத மீட்டருக்குப் பயந்து... இதில் படுத்துக் கிடக்கிறவனுக்காகப் பயப்பட நமக்கு நேரமே கிடைப்பதில்லை.

செந்தில் இப்போது மனநல டாக்டரையும் பார்க்கிறான். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். டப்பா சுமதியிடம் இருக்கிறது. அளந்து அவள்தான் கொடுக்கிறாள். சில நாள் கத்துகிறான். சில நாள் கீழே வந்து, "மச்சான், இன்னிக்கு வலி சாஸ்திங்க" என்கிறான். நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். எனக்கு அதுதான் வைத்தியம்.

அந்த வாரம் புதன்கிழமையே டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். கேஸ் எதுவும் இல்லை, ஆம்புலன்ஸுக்குப் பில் எதுவும் இல்லை. வாசலில் ஒரு ஆட்டோ பிடித்து, பேரம் பேசி, செந்திலை நடுவில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வண்டிக்கென்று நான் காசு கொடுத்தது அந்த ஆட்டோவுக்கு மட்டும்தான்.