கதவுக்குள் போன கை

என் வீட்டுக்காரர் கங்காதரனைப் பற்றிச் சொல்வதென்றால் கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மூஞ்சி சுமார்தான், அதை அவரே ஒத்துக்கொள்வார். கை மட்டும் ஒல்லியாக, நீளமாக, விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் மாதிரி இருக்கும். மந்தைவெளியில் ராம்குமார் அண்ணாச்சி நடத்துகிற கார் சாமான் கடையில் அவர்தான் ஸ்பீக்கர் மாட்டுகிறவர். வேலை கடைக்குள்ளே இல்லை. வாசலில், தெருவோரத்தில், கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருப்பார்.

கார்க் கதவை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். உள்ளே அது ஒரு தகர டப்பா. உள்பக்கத்துப் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றினால் ஸ்பீக்கருக்கு ஒரு வட்ட ஓட்டை, அதற்கு மேலே சின்னதாக இன்னொரு ஓட்டை. அதன் வழியாகக் கையை விட்டு, கண்ணாடி ஏறி இறங்குகிற பாதையில் படாமல் ஒயரைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் விரல் தொட்டுச் சொல்வதுதான். தகரத்தின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அதில் கிழித்துக்கொள்ளாமல் கையை வெளியே எடுக்கத் தெரிந்தவன்தான் ஃபிட்டர் என்று அவர் பீற்றிக்கொள்வார். நான் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். பேசிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டே மீன் வயிற்றில் குடலை உருவிப் போடுவேன். இந்தப் பச்சையம்மாவிடமே பீற்றலா என்று கிண்டல் செய்வேன்.

போன வருஷம் மழைக்கு முன்னால் விரல் நுனி மரத்துப்போகிறது என்றார். கையைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்தால் மரத்துப்போகாமல் என்ன செய்யும் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு ஒரு நாள் அடுப்பிலிருந்து இறக்கிய குழம்புச் சட்டியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு, நின்று நிதானமாக என்னிடம் ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தார். நான்தான் தட்டிவிட்டேன். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் காலில்தான் வந்திருக்கும், கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். எங்கே கவனிப்பது? செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருக்கோடி வரைக்கும் வெறுங்காலோடு போய்விட்டுத் திரும்பி வந்து தேடுகிற ஆள் இவர். ஞாபகமறதி என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். மாத்திரை போட்டால் இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், போன உணர்ச்சி திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சியிடம் சொல்லக் கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டுவிட்டு என்னோடு மீன் கடைக்கு வந்து உட்கார் என்றேன்.

"முள்ளு குத்துனாகூட எனக்குத் தெரியாதுமே," என்றார். "அந்தக் கதவ உட்டா எனக்கு வேற இன்னா தெரியும்? இத்தினி வருசமா அந்த ஓட்டைக்குள்ளதான் கீறேன்."

சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வண்டிகள் கடைக்குத் திரும்பி வந்தன. இரண்டிலும் ஒயர் நழுவிக் கண்ணாடிப் பாதையில் விழுந்து நசுங்கியிருந்தது. கட்டிவிட்டதாகத்தான் இவர் நினைத்திருக்கிறார். கட்டினதா இல்லையா என்று விரல் சொன்னால்தானே தெரியும்? அண்ணாச்சி கெட்டவர் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சின்னதாகக் கடை போட்டு மேலே வந்தவர், இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவரே, இன்னொரு வண்டி திரும்பி வந்தால் வேறு ஆளைத்தான் வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்த மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் கட்டை விரலால் மற்ற விரல்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்க்கிற எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. நான் கொடுவா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"உடனே வாமே. கைய நல்லா கய்வுகினு வா."

போட்டது போட்டபடி பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். வாசலில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிற சுந்தரராமன் என்கிற பெரியவருடையது. கச்சேரி கேட்கிறவர், மிருதங்கம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கியிருந்தார். கதவுக்குள்ளே ஒயர் நழுவிவிட்டது. காலையிலிருந்து இவர் துழாவியிருக்கிறார், கிடைக்கவில்லை. போனை உள்ளே விட்டுப் படம் எடுத்துக்கூடப் பார்த்திருக்கிறார், தகரம்தான் பளபளத்ததாம். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். பெரியவர் சாயங்காலம் வண்டி எடுக்க வருவார். இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ஜூஸ் கடையில் எலுமிச்சைத் தோலை வாங்கித் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவினேன். வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு முழங்கை வரைக்கும் கதவுக்குள் விட்டேன். இவர் பக்கத்தில் குந்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். இடது பக்கம் ஒரு கம்பி வரும் என்றார், வந்தது. அதற்குப் பின்னால் கீழே இறங்கு என்றார், இறங்கினேன். உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவர் மண்டையில் அப்படியே இருந்தது, தொடுவதற்குத்தான் கை இல்லை. ஒயர் என் விரலில் மாட்டியது. அவர் சொல்லச் சொல்ல இழுத்துக் கட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கினார், எதிலும் படவில்லை. பாட்டுப் போட்டதும் மிருதங்கம் கதவிலிருந்து கிண்ணென்று கிளம்பியது. மாதக்கணக்கில் சிரிக்காத மனுஷன் பல்லைக் காட்டிச் சிரித்தார். இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம், அண்ணாச்சி சாப்பிடப் போகிற நேரத்தில் நான் வந்து வந்து போகலாம் என்று இரண்டு பேரும் அங்கேயே முடிவு செய்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அப்படித்தான் போனேன். எதிர்ச்சாரி டீக்கடையில் நின்று அண்ணாச்சி எப்போது கிளம்புவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குறுகலான தெரு, அங்கே பேசுவது இங்கே கேட்கும். அவர் கிளம்புவதற்குள் அந்த வெள்ளை வண்டி வந்து நின்றது.

சுந்தரராமன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பாட்டெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது என்றார்.

"ஆனா வெயில்ல நின்னா உள்ளேர்ந்து ஒரு நாத்தம் வரதுப்பா. ஆத்துல ஒருத்தரும் ஏற மாட்டேங்கறா."

அண்ணாச்சி தானே பிளாஸ்டிக் பலகையைக் கழற்றினார். கதவு அதிராமல் இருக்க உள்ளே ஒட்டுகிற கறுப்புத் தாள் ஒன்று உண்டு, பிசுபிசுவென்று இருக்கும். ஓட்டையின் ஓரத்தில் அந்தத் தாளில் ரூபாய்க்காசு அகலத்துக்கு ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. எதிர்ச்சாரியிலிருந்தே பளிச்சென்று எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி அதை நகத்தால் பிய்த்து இவர் முகத்துக்கு நேரே காட்டினார்.

சனிக்கிழமை காலையில் வீட்டில் மீன் கழுவினேன், கையைச் சரியாகக் கழுவாமல் வந்துவிட்டேன் என்று இவர் சொன்னார். அண்ணாச்சி நம்பிவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

"போறது, தொடச்சுக் குடுத்துடச் சொல்லுங்கோ," என்றார் பெரியவர். சோப்புத் தண்ணியில் நனைத்த துணியை இவரிடம் கொடுத்து, உள்ளே முழுக்கத் துடைத்துவிடச் சொன்னார் அண்ணாச்சி.

இவர் ஒரு கையை ஸ்பீக்கர் ஓட்டையிலும் இன்னொரு கையை மேல் ஓட்டையிலும் விட்டுத் துடைக்க ஆரம்பித்தார். அவசரம். வாய் மட்டும் ஓயவில்லை. ஒன்றுமில்லை சார், இதோ முடிந்தது சார், இனிமேல் வாசனையே இருக்காது சார் என்று பெரியவரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே கையை ஆட்டினார். வெள்ளைக் கதவின் அடி விளிம்பில் சிவப்பாகச் சொட்டு விழுந்தது. பிறகு கோடாக இறங்கியது. பெரியவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அண்ணாச்சி வாய் திறந்தபடி அந்தக் கோட்டையே பார்த்தார். என் வீட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வண்டி வருகிறதா போகிறதா என்று பார்க்காமல் தெருவைத் தாண்டி ஓடினேன். அவர் தோளைப் பிடித்தேன்.

"யோவ், போதும்யா. கை அறுத்துகினு கீது, வெளிய எடு."

சிரிப்பு நின்றது. அண்ணாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கையும் கதவுக்குள்ளேயே இருந்தன. மெதுவாக என்னிடம் கேட்டார்.

"எந்த கைமே?"