பேசிலின் நாற்காலி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பேசில், ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் என்னோடு கணினிப் பிரிவில் இருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஓர் இயங்குதளத்துக்கு நிரல் எழுதுவார். வட்டிலிருந்து கோப்புகளைப் படிக்கும் பகுதி அவருடையது. சம்பளம் கிடையாது. குறை சொல்ல மட்டும் எல்லாருக்கும் அவர் முகவரி தெரியும்.

அவர் இறந்து சில மாதம் கழித்தும் அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் மனைவி கெர்ட்ரூட் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"என்ன தப்பாம், லோகன்?"

"அவரு எழுதுன புரோகிராம், மெமரியில ஒரு இடத்த வேலை முடிஞ்சதும் விட்டுருது அக்கா. அப்புறமும் அது தன்னோட இடம்னு நெனச்சு அங்கயே போய்ப் படிக்குது. நடுவுல எவனாவது அந்த இடத்தப் புடிச்சுட்டா, கம்ப்யூட்டரே அவன் கையில."

திருத்தி அனுப்பினேன், இயங்குதளத்தை நடத்துபவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கூடவே, பொறுப்பாளர் என்ற இடத்திலிருந்து பேசில் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் உழைத்தவருக்கு இதுதானா மரியாதை?

"முடியாதுன்னு எழுதிடுறேன் அக்கா."

அக்கா பேசிலின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் போனபின் அதில் யாரையும் உட்கார விட்டதில்லை. நானும் நின்றுகொண்டேதான் தட்டச்சு செய்திருந்தேன்.

"எடுத்துரச் சொல்லு லா. அடுத்த மெயிலும் உயிரோட இல்லாத ஆளுக்கா வந்து சேரணும்? உன் பேரக் குடு."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உட்கார்ந்து எழுது."