நாலாவது குத்து

2009-ம் ஆண்டு. சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் வெறும் வயிற்றோடு பத்துப் பேர் நிற்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வருகிற பசிக்கோபம் இருக்கிறதே, அப்பப்பா! எனக்கும் வாய் ஜாஸ்தி. பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே ஊசியைப் போட்டு முடித்துவிடுவேன். "உன் கை பூ மாதிரிம்மா" என்று பெயர் வாங்கியிருந்தேன். கைராசி என்று சொல்லி என்னைத் தேடியே வருகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்த காலம் அது.

மாதம் ஒருமுறை காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஓர் அப்பாவும் மகனும் வருவார்கள். அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்ப்பவர். மகனுக்கு இருபது வயது இருக்கும். ஆட்டிசம் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லியிருந்தாராம். கூடவே வலிப்பும் உண்டு. புதிதாக மாற்றிய மாத்திரை ஈரலைக் கெடுக்கிறதா என்று மாதாமாதம் ரத்தத்தில் பார்த்தாக வேண்டும். ரிசல்ட்டைப் பார்க்காமல் டாக்டர் மாத்திரை எழுத மாட்டார். மாத்திரை நின்றால் வலிப்பு வந்துவிடும்.

அந்தத் தம்பி வந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான். வருவான், ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவான். ஊசி ஏறும்போது முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. தணிந்த குரலில் பஸ் நிறுத்தங்களை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பான். காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, கொள்ளுமேடு, குமராட்சி என்று வரிசையாக வந்து சிதம்பரத்தில் முடிப்பான். அதற்குள் நான் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பேன். "வாங்க கண்டக்டர் தம்பி" என்று கிண்டல் செய்வேன். ஊசிக்கு அலறுகிற ஆட்களிடம், "அந்தத் தம்பியைப் பாருங்க, அதுக்கு வலியே தெரியாது" என்று அவனைக் காட்டுவேன்.

அந்த மாதம் அவர்கள் வந்த அன்று கடலூர் செம்மண்டலத்தில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். நான் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கோட்டுக்குள் பட்டுப்புடவை, தலையில் பூ, கண் முழுக்கக் கடிகாரத்தில். அம்மா வேறு நாலு தடவை போன் செய்துவிட்டார். கடைசியாக உட்கார்ந்தவன் இந்தத் தம்பி.

வழக்கமான நரம்பு கிடைக்கவில்லை. ஊசியை எடுத்துவிட்டு மறுபடி குத்தினேன். அதுவும் நழுவியது. இரண்டு தடவை தவறினால் வேறு ஆளைக் கூப்பிட வேண்டும், எங்கள் வேலையில் அதுதான் வழக்கம். வேறு யாராக இருந்தாலும் முதல் குத்துக்கே சத்தம் போட்டிருப்பார்கள், நானும் மன்னிப்புக் கேட்டு நிறுத்தியிருப்பேன். இவன்தான் ஒன்றும் சொல்லவில்லையே! மூன்றாவது குத்து குத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் அவன் காட்டுமன்னார்கோயிலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். குமராட்சியைத் தாண்டவே இல்லை. "என்ன தம்பி, பஸ் இன்னிக்கு ஊர் போய்ச் சேராது போலிருக்கே" என்று சிரித்துக்கொண்டே நாலாவது முறை குத்தினேன். ரத்தம் வந்தது. டியூபை வைத்துவிட்டு ஓடினேன். பஸ்ஸும் கிடைத்தது.

அடுத்த மாதம் அப்பா மட்டும் வந்தார். கும்பலெல்லாம் போகும்வரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, மூத்திரத்துல பாத்தா இது தெரியாதா?"

"தெரியாதுங்கய்யா, ரத்தம்தான் வேணும். தம்பி எங்க?"

"வரமாட்டேங்கறான்மா. அன்னிக்குப் போயி அந்தக் கைய செவுத்துலயே அடிச்சிக்கிட்டான். பத்து நாளு கைய தொடவுடல. பஸ் ஸ்டாண்டு பக்கமே திரும்ப மாட்டேங்கறான்."

பஸ் என்றால் அவனுக்கு உயிராம். தினமும் சாயங்காலம் ஸ்டாண்டில் போய் நின்று பஸ் பார்த்துவிட்டு வருவானாம். வலி வந்தால் மட்டும்தான் நிறுத்தங்களை வாய்விட்டுச் சொல்வானாம். பஸ் சிதம்பரம் வந்து சேர்ந்தால் வலி முடிந்துவிடும் என்று அவனுக்கு ஒரு கணக்கு. இப்போது அதையும் சொல்வதில்லையாம்.

"ஏங்கய்யா, அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவரையே கோபித்துக்கொண்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு அவசரமா இருந்தீங்கம்மா" என்றார். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்குப் போய் அழுதேன்.

மாத்திரை இன்னும் பன்னிரண்டு நாளைக்குத்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. லேபில் யாராவது பேசாமல் கையை நீட்டினால், வலிக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊசி, பஞ்சு, டியூபெல்லாம் பையில் போட்டுக்கொண்டு காட்டுமன்னார்கோயில் கிளம்பிவிட்டேன். என்னைப் பார்த்ததும் அவன் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் உட்காரத் தெரியாதவள் நான். அந்தக் கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்: "தம்பி, நாலு தடவ குத்துனது என் தப்பு. இனிமே ஒரே தடவதான். வலிக்குதுன்னு சொல்லு, உடனே எடுத்துடறேன்."

அடுத்த ஞாயிறும் போனேன். மாத்திரை இரண்டு நாளைக்குத்தான் மிச்சம். அன்றைக்கு அவன் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பழைய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினான். அவன் அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நல்ல நரம்பு, கண்ணுக்கே தெரிந்தது. ஊசியை வைத்தேன், ரத்தமும் எட்டிப்பார்த்தது. அவன் எந்த ஊர்ப் பெயரும் சொல்லவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டே, "வலிக்குது" என்றான்.

இன்னும் பத்து எண்ணியிருந்தால் டியூப் நிறைந்திருக்கும். "ஒரு நிமிஷம் தம்பி, முடிஞ்சிடுச்சு" என்ற பழைய பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் அப்பாவும், "எடுத்துடும்மா, எடுத்துடு" என்று பதறினார். எதை எடுக்கச் சொன்னாரோ, ஊசியையோ ரத்தத்தையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஊசியை எடுத்தேன். பஞ்சை வைத்தேன். காலி டியூபைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே புலம்பல். பைத்தியக்காரி, கைக்கு எட்டியதை விட்டுவிட்டு வருகிறாயே, அவனுக்கு வலிப்பு வந்தால் யார் பதில் சொல்வது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் டாக்டர் காலில் விழுந்தாவது ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதி வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை லேபைத் திறக்கப் போனால், வெறும் வயிற்றுக் கும்பலுக்கெல்லாம் முன்னால் அப்பாவும் மகனும் நிற்கிறார்கள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். "விடியறதுக்கு முன்ன அவனேதாம்மா சட்டைய போட்டுக்கிட்டு நின்னான்" என்றார் அப்பா. அவருக்கும் நம்ப முடியவில்லை. தம்பி உள்ளே வந்து அதே ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து, நாலு குத்து வாங்கிய அதே கையை நீட்டினான். குத்தினேன்.

"வலிக்குது."

"எடுத்துடட்டா?"

கொஞ்சம் யோசித்தான். "வேணாம்" என்றான்.

டியூப் நிறையும்வரை "வலிக்குது, வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் "எடுத்துடட்டா?" என்றேன். ஒவ்வொரு தடவையும் "வேணாம்" என்றான். வெளியே நின்ற சர்க்கரைக்காரர் ஒருவர், "என்னம்மா, இன்னிக்குக் கை கனமோ?" என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க, கனம்தான்" என்றேன்.

இப்போது கடலூரில் வேறொரு லேபில் இருக்கிறேன். என் கை வலிக்கவே வலிக்காது என்று இங்கேயும் நிறையப் பேர் சொல்கிறார்கள். ஆனால் நம்பிக் கையைக் கொடுத்து, வலிக்கிறது என்று என்னிடம் சொல்லலாம் என நினைத்தானே அந்தத் தம்பி, இந்த வேலையில் நான் வாங்கிய நல்ல பெயர் அது ஒன்றுதான்.