மாலூர் ரோஜாத் தோட்டத்தில் ஒரு மெமரி கார்டு

காலை 6.10. மர்பி டவுனிலிருந்து பையப்பனஹள்ளி ரயில் நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். என் மடியில் கேமரா பை. "கல்யாண ஷூட்டிங்கா மேடம்?" என்றார் ஓட்டுநர். ரோஜா வெட்டும் பெண்களைப் பற்றி ஆவணப்படம் என்றேன். "அதுல பாக்க என்ன இருக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வைட்ஃபீல்டில் பாசஞ்சர் ரயில் பாதி காலியானது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நான் மாலூர் வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஒன்பது கிலோமீட்டர்.

8.15. தோட்டம் என்பது பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான ஷெட்டுகள். படமெடுக்க முதலாளி போனிலேயே சம்மதித்திருந்தார். முனியம்மா அக்கா வாசலில் காத்திருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். பதினான்கு வருடமாக ரோஜா வெட்டுகிறார்.

உள்ளே நுழைந்ததும் பூச்சிமருந்து நெடி கண்ணைக் கரித்தது. அக்கா கேமராவுக்கு முன்னால் கையை விரித்தார். விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. "மருந்து அடிச்சா நாலு மணி நேரம் உள்ள வரக் கூடாதுன்னு டப்பாலயே போட்டிருக்கு. எங்கள உடனே அனுப்பிடறாங்க."

11.00. "கேமரா பந்த் மாடி!" என்று, கேமராவை நிறுத்தச் சொல்லிக் கன்னடத்தில் கத்தியபடி சூப்பர்வைசர் வந்தார். "பூவை எடுக்கத்தான் ஓனர் சொன்னாரு. கார்டைக் கொடு."

உண்மையைச் சொல்கிறேன்: கார்டைக் கழற்றி அவரிடம் நீட்டியே விட்டேன். நடுவில் புகுந்து அக்கா அதைப் பிடுங்கி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

"இப்ப வந்து எடுத்துக்கோ."

சுற்றிலும் பூ வெட்டிக்கொண்டிருந்த பெண்களின் கத்தரிச் சத்தம் மொத்தமாக நின்றது.

"நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

"நாளைக்கென்ன, இப்பவே போறேன்" என்று கத்தரியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக மற்ற பதினொரு பெண்களும் வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். வெட்டாத பூ, இனி விலை போகாதபடி, செடியிலேயே விரிந்துகொண்டிருந்தது. ஒரு மணிக்கு முதலாளியின் கார் வந்தது. மருந்தடித்த பிறகு நான்கு மணி நேரம் யாரும் உள்ளே போக வேண்டாம், ஆனால் முனியம்மாவுக்கு மட்டும் இனி இங்கே வேலை இல்லை என்றார் அவர். "அவ இல்லன்னா நாங்களும் இல்ல" என்றார்கள் பதினொரு பேரும். அரை மணி நேரம் போனில் யார் யாரிடமோ பேசிவிட்டு, அதற்கும் தலையாட்டினார்.

மாலை 5.20. மாலூர் ரயில் நிலையம் வரை என்னை வழியனுப்ப வந்த அக்கா கார்டைத் திருப்பித் தந்தார். எங்கள் மர்பி டவுனில் வீட்டுவேலை செய்யும் பெண்களை நான் படமெடுத்தபோது எல்லார் முகத்தையும் மங்கலாக்கினேன். அதுதான் பாதுகாப்பு என்று அவர்களிடம் சொன்னதும் நான்தான். அதையே இவரிடமும் சொன்னேன்.

"ஏன் கண்ணு, நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்றார். "மூஞ்சிய நல்லாக் காட்டு. பேரும் போடு. சும்மா முனியம்மான்னு போடாத, ரோஜா வெட்டற முனியம்மான்னு போடு."