பம்பு செட்டில் எடுத்த படம்

பெருநகர் கிராமத்துப் பெண்களுக்குக் கேமரா கொடுத்துப் படமெடுக்கச் சொல்லித்தர, சென்னையிலிருந்து ஒரு அமைப்பு வந்தபோது முதலில் கை தூக்கியவள் இளவரசி. "உங்க ஊர நீங்களே காட்டுங்கக்கா" என்றாள் அமைப்பைச் சேர்ந்த சுபாஷ்ரீ. அந்தப் போகம் முழுக்க இளவரசி கேமராவும் கையுமாகத் திரிந்தாள். நடவு நட்டவர்களை எடுத்தாள், செய்யாற்றில் வந்த தண்ணீரை எடுத்தாள். புருஷன் ஏழுமலையைத்தான் அதிகம் எடுத்தாள். வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே நிற்பான்.

அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த நெல் தண்ணீரிலேயே முளைவிட்டது. பம்பு செட்டு ஓரம் குந்தி அழுத ஏழுமலையை, ஏனென்று தெரியாமலே ஒரு படம் எடுத்தாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது அதுவும் சேர்ந்து போயிற்று.

சென்னையில் வைத்த கண்காட்சிக்கு அமைப்பினர் தேர்ந்தெடுத்தது அந்த ஒன்றைத்தான். 'நம்பிக்கை இழந்த உழவன்' என்று கீழே எழுதியிருந்தார்கள். படம் செல்போனுக்குச் செல்போன் தாவி ஊருக்கே வந்து சேர்ந்தது.

"இன்னா மாமா, சினிமாக்கு அழுது காட்னியா?" என்று டீக்கடையில் வரதன் கேட்டான். ஏழுமலை அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இளவரசியிடம் ஒரே ஒரு தடவை சொன்னான்: "நீ மட்டுந்தான கீறன்னு அழுதேன்."

அவள் சுபாஷ்ரீக்குப் போன் போட்டாள்.

"அந்தப் படத்த எடுத்துடும்மா. அவரு வூட்ட வுட்டே வர மாட்டேன்றாரு."

"எங்க ஆவணக் காப்பகத்துல ஏத்தியாச்சுக்கா. எடுக்கற அதிகாரம் எனக்கில்ல."

"சிரிச்சிக்கினு கீற படம் எவ்ளோ குட்த்தேன். அதுல ஒண்ணு போடக்கூடாதா?"

"தேர்வாகாததெல்லாம் அழிச்சிட்டாங்கக்கா."

ஏழுமலை பிறகு யார் செல்போனைத் தூக்கினாலும் எழுந்து போய்விடுவான். மச்சினி கல்யாணத்தில்கூட மேடையேறவில்லை. இரண்டு வருஷம் கழித்து, வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டு ஃப்ளெக்ஸ் கடை மோகன்குமார் வந்தான். கல்யாணப் படம் என்றோ செல்லரித்திருந்தது, ஆதார் அட்டையில் முகமே தெரியவில்லை; வேறு படம் யாரிடமும் இல்லை. தன் செல்போனில் தேடி, அந்தப் பம்பு செட்டுப் படத்தையே நீட்டினான்.

"இதான்க்கா தெளிவா கீது. கண்ணீர மட்டும் அழிச்சிட்டுப் போட்டுடட்டுமா?"

இளவரசி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படமே வேணாம்பா. பேர மட்டும் எய்த்துல போடு."

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கிய தூரத்து உறவுக்காரர்கள், பேனரில் இருந்த பேரை மட்டும் படித்துவிட்டு, செத்தது எந்த ஏழுமலை என்று விசாரித்துக்கொண்டே தெருவுக்குள் வந்தார்கள்.