முதல் பெட்டிக்குச் சைபரா? விம்கோ நகரில் காணாமல் போன டிஸ்க்

எழுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மழைநாளில், காணாமல் போன டிஸ்க்கைத் தேடி விம்கோ நகர் போனேன். டிஸ்க் என்றால் சட்டைப்பையில் போடுகிற சமாச்சாரம் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்குப் பெட்டி! அங்கிருந்த பெயின்ட் தொழிற்சாலை ஒன்று வெளிநாட்டிலிருந்து இரண்டு டிஸ்க் பெட்டிகளோடு பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தது. அதை ஓடவைக்கும் சிஸ்டத்தை டேப்பிலிருந்து டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். டேப்போ, டிஸ்க்கே இல்லை என்று அடம்பிடித்தது. ரிப்பேருக்கு என்னை அனுப்பினார்கள்.

பாரிமுனையில் காலை ஏழரைக்கு பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், முப்பத்தைந்து பைசா டிக்கெட் என்று ஞாபகம். ராயபுரம் தாண்டியதும் ஒரு பக்கம் கருவாட்டு வாசனை, மறுபக்கம் லாரிப் புகை. தண்டையார்பேட்டையில் முழங்கால் தண்ணீர், பஸ் நின்றுவிட்டது. "எறங்கித் தள்றவன்லாம் தள்ளு, மத்தவன்லாம் குந்திக்கினு வேடிக்க பாரு" என்றார் கண்டக்டர். தள்ளினேன். போய்ச் சேரும்போது ஒன்பதரை.

வாசலிலேயே நின்றிருந்தார் ஆபரேட்டர் அந்தோணி. ராயபுரத்துக்காரர், யார்டில் டிரம் உருட்டிக்கொண்டிருந்தவர், ராத்திரிப் பள்ளியில் படித்து ஏ.சி. அறைக்கு வந்தவர். பெட்டியை இறக்கும்போது நீதான் இடித்திருப்பாய் என்று முதலாளி அவரை மறுபடி யார்டுக்கே போகச் சொல்லிவிட்டாராம்.

"நான் இடிக்கல சார். எங்கொயந்திய தூக்கறாப்பல எறக்கனேன். மறுக்கா டிரம் உருட்ட சொல்றாங்க சார். வூட்ல இன்னா சொல்றதுன்னே தெர்ல."

பெட்டி செத்திருந்தால் நான் அதைத்தானே எழுதிக் கொடுக்க வேண்டும்?

மூடியைத் திறந்தேன். தட்டு நன்றாகவே சுற்றியது. விளக்கு எரிந்தது. கேபிளில் குறையில்லை. பிறகு ஏன் தெரியவில்லை? மதியம் வரை மண்டையைக் குடைந்துகொண்டேன். அப்புறம்தான் முகப்பில் கழற்றி மாட்டுகிற நம்பர் பிளக்கைப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அதுதான் விலாசம். முதல் பெட்டியில் 0, அடுத்ததில் 1 இருக்க வேண்டும். இங்கே 1, 2 என்று சந்தனப் பொட்டோடு மின்னின. டேப் 0 எண்ணைத் தேடித் தேடி ஏமாந்திருக்கிறது!

முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். பிளக்கை யார் மாற்றியது என்று கேட்டதும் பெருமையாகவே சொன்னார்:

"நாந்தான். பூசை போடும்போது பாத்தேன். மொதப் பெட்டியில போயி சைபரா? கடையில மொதப் படி அளக்கையில ஒண்ணுன்னு கூடச் சொல்ல மாட்டோம், லாபம்னுதான் சொல்லுவோம். நீரு சைபர்ங்கீரு! வெளங்குமாய்யா?"

"அண்ணாச்சி, அதனாலதான் டிஸ்க் தெரியல. யாரும் எதையும் இடிக்கல."

அந்தோணி தரையைப் பார்த்தார். அண்ணாச்சி பிளக்கைத் தொட்டுப் பார்த்தார். "சைபர் இல்லாம முடியாதோ?" என்றார்.

முடியும். எந்த எண்ணில் டிஸ்க் இருக்கிறது என்று டேப்புக்குச் சொல்வது துளையிட்ட ஓர் அட்டைதான். 0 இருந்த இடத்தில் 1 என்று புது அட்டையில் துளையிட்டுக் கொடுத்தேன். டேப் உருண்டது. கம்ப்யூட்டரோடு இணைந்த தட்டச்சு இயந்திரம் டிஸ்க் இருக்கிறது என்று கடகடவென அடித்தது. "கீது சார்! டிஸ்க்கு கீது!" என்று கத்தினார் அந்தோணி. எனக்கும் குதிக்கத் தோன்றியது.

இப்போது போகிறவர்களுக்கு: மெட்ரோ விம்கோ நகர் வரை போகிறது, தள்ள வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மாற்றுச் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைப் பார்க்கப் போனால், திறப்பதற்கு முன் பூஜை போட்டது யாரென்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

கிளம்பும்போது அந்தோணி யார்டுப் பக்கம் நடந்தார். அண்ணாச்சி ஜன்னலைத் திறந்து அதட்டினார்:

"ஏய் அந்தோணி, எங்கல போற? யார்டுக்கு வேற ஆளு போட்டாச்சி. உள்ள வா, மழையில நனையாத."

அந்தோணி என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்: "சார், மன்னிப்பு கேட்டுக்கினாரு."